மெய்நிகர் ஆய்வுக்கூடம் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

செமஸ்டரின் முதல் வாரத்தில் ஆய்வுக்கூடத்துக்கு வருகிற புகார்களில் பெரும்பாலானவை ஒரே வாக்கியம்தான்: "அண்ணே, மெஷின் வேலை செய்யல." எது வரைக்கும் வேலை செய்தது என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் கிடைத்தால் பாதிக் கோளாறு அங்கேயே தெரிந்துவிடும். "அழிச்சிட்டு மறுபடி உருவாக்கிப் பார்த்தேன், அப்பவும் அப்படித்தான்" என்று பதில் வந்தால்தான் சிக்கல். அழித்ததோடு தடயமும் போயிருக்கும்.

பினாங்கில் நாங்கள் நடத்துவது ஓப்பன்ஸ்டாக் மீது அமைந்த தன்சேவைத் தளம். மாணவர் உலாவியில் நுழைந்து, தனக்கு வேண்டிய மெய்நிகர் கணினியை (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) தானே உருவாக்கிக்கொள்ளலாம்; படிவம் நிரப்பி யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியதில்லை. ஓப்பன்ஸ்டாக் என்பது நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து 2010இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள். நாம் கண்ணால் பார்க்கும் முகப்புக்குப் பெயர் ஹொரைசன். உங்கள் கல்லூரியின் முகப்பில் நிறமும் சின்னமும் வேறாக இருக்கலாம். உள்ளே ஓடுவது ஓப்பன்ஸ்டாக் என்றால் கீழே சொல்வது பொருந்தும்.

எந்தக் கோளாறானாலும் நான்கு கேள்விகளை இந்த வரிசையிலேயே கேளுங்கள். கணினி உருவானதா? அதுவரைக்கும் பாதை இருக்கிறதா? சாவியை அது ஏற்றுக்கொண்டதா? உள்ளே நிரல் ஓடுகிறதா? முதல் கேள்விக்கு விடை தெரியாமல் மூன்றாவதில் மண்டையை உடைத்துக்கொள்வதில்தான் பலருடைய சனிக்கிழமை போகிறது. கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து இங்கே தரவில்லை, அவை உங்கள் பாடத்தாளில் இருக்கும். எதை எப்போது பயன்படுத்துவது என்பதுதான் இங்கே விஷயம்.

"உள்ளே போயிட்டேன், ஆனா ஒண்ணுமே இல்ல"

நேற்று உருவாக்கிய கணினி இன்று பட்டியலில் இல்லை என்றால், பதறுவதற்கு முன் திரையின் மேல் மூலையில் எந்தப் பிராஜெக்ட் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பாடங்கள் எடுத்திருந்தால் உங்களுக்கு இரண்டு பிராஜெக்ட்கள் இருக்கும். கணினிகள் எல்லாம் பிராஜெக்டைச் சேர்ந்தவை, ஆளைச் சேர்ந்தவை அல்ல. நெட்வொர்க் பாடத்தின் பிராஜெக்டுக்குள் இருந்துகொண்டு தரவுத்தளப் பாடத்தின் கணினியைத் தேடினால் கிடைக்காது.

கடவுச்சொல் சரியாக இருந்தும் நுழையவே முடியவில்லையா? நுழைவுத் திரையில் டொமைன் என்ற கட்டம் இருந்தால், அதில் கல்லூரி சொன்ன பெயர்தான் இருக்க வேண்டும். மின்னஞ்சல் முகவரியின் பின்பாதியை அங்கே எழுதுகிறவர்கள் நிறையப் பேர். வேலையின் நடுவில் திடீரென்று வெளியே தள்ளிவிட்டால் அது கோளாறு இல்லை. ஹொரைசன் இயல்பாகவே ஒரு மணி நேரத்தில் அமர்வை முடித்துவிடும். முகப்பிலிருந்துதான் வெளியே வந்தீர்கள், கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

"சிவப்பா எரர்னு காட்டுது"

கணினி உருவாகாமல் போவதில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

முதல் வகையில், பொத்தானை அழுத்தியதுமே கோட்டா தாண்டிவிட்டது என்று மறுத்துவிடும், பட்டியலில் புதிதாக எதுவும் சேராது. ஓப்பன்ஸ்டாக்கில் யாரும் மாற்றாதவரை ஒரு பிராஜெக்டுக்கு 10 கணினிகள், 20 மெய்நிகர் சிபியு, 51,200 மெகாபைட் நினைவகம் என்பதுதான் அளவு. ஒரே பிராஜெக்டில் முப்பது மாணவர்களை உட்கார வைத்தால் பதினொன்றாவது ஆளுக்குக் கணினி கிடைக்காது. இது மாணவர் தவறே இல்லை. விரிவுரையாளர் வகுப்புக்கு முன்பே கோட்டாவைக் கூட்டச் சொல்லியிருக்க வேண்டும். ஆளுக்கொரு பிராஜெக்ட் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. ஒருவர் மற்றவருடையதைத் தெரியாமல் அழிக்கிற தொல்லையும் அதோடு ஒழியும்.

இரண்டாவது வகையில், கணினி பட்டியலில் வந்து, சற்று நேரம் சுழன்று, பிறகு எரர் ஆகும். அதன் பெயரைச் சொடுக்கி உள்ளே போனால் ஃபால்ட் என்ற பகுதியில் "நோ வேலிட் ஹோஸ்ட் வாஸ் ஃபவுண்ட்" என்று இருக்கும். நீங்கள் கேட்ட அளவுக்கு இடமுள்ள இயந்திரம் சர்வர் அறையில் ஒன்றுகூட இல்லை என்று பொருள். கோட்டா காகிதத்தில் இருக்கிற அனுமதி, ஹோஸ்ட் உண்மையில் இருக்கிற இரும்பு. அனுமதி இருந்தும் இரும்பு இல்லாமல் போகலாம். சின்ன ஃபிளேவர் (சிபியு, நினைவக அளவு) ஒன்றைத் தேர்ந்து மறுபடி முயலுங்கள். எரர் ஆன அந்தக் கணினியை இப்போது அழிக்கலாம், அழிக்கவும் வேண்டும், ஏனென்றால் ஓடாவிட்டாலும் அது கோட்டாவில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

நிறுத்தி வைத்த கணினிகளும் அப்படித்தான். ஷட்டவுன் செய்துவிட்டால் இடம் காலியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. அது மறுபடி எழுந்தால் வேண்டுமே என்று நினைவகமும் சிபியுவும் அதன் பெயரிலேயே ஒதுக்கப்பட்டிருக்கும். தைப்பூச விடுமுறைக்கு முன் வகுப்பே தன் கணினிகளை நல்ல பிள்ளையாக நிறுத்திவிட்டுத் தண்ணீர்மலைக்குக் கிளம்பியிருக்கும். அடுத்த வகுப்புக்கு அதனால் கால் காசு பயன் கிடையாது. உண்மையிலேயே இடம் விட வேண்டுமென்றால் ஷெல்வ் என்ற தேர்வு இருக்கிறது. அது கணினியைப் படம்பிடித்து ஓரமாக வைத்துவிட்டு இரும்பை விட்டுக்கொடுக்கும். வேண்டும்போது அன்ஷெல்வ் செய்தால் திரும்பி வரும்.

மூன்றாவது வகைதான் ஆளைக் குழப்பும். ஃபால்ட் பகுதியில் வால்யூம் (கணினியோடு இணைக்கும் தனி வட்டு) உருவாகி முடியவில்லை, காத்திருந்து பார்த்தோம் என்ற பொருளில் ஒரு நீண்ட செய்தி இருக்கும். ஹொரைசனில் கணினி உருவாக்கும் படிவத்தில் புது வால்யூம் உருவாக்கவா என்ற கேள்விக்கு "ஆம்" என்பது ஏற்கெனவே தேர்வாகியிருக்கும். அப்படியே விட்டால் இமேஜ் (இயங்குதளம் அடங்கிய மூலப்பிரதி) முழுவதையும் ஒரு வால்யூமுக்குள் பிரதி எடுத்த பிறகுதான் கணினி எழும். அதற்காகத் தளம் இயல்பாகக் காத்திருப்பது சுமார் மூன்று நிமிடம். மாலை ஏழு மணிக்கு வகுப்பு தொடங்கி எல்லோரும் ஒரே நேரத்தில் பெரிய விண்டோஸ் இமேஜை எழுப்பினால் மூன்று நிமிடத்தில் எப்படி முடியும்? வரிசை வரிசையாக எழுப்பச் சொல்லுங்கள். சாதாரணப் பயிற்சிக்கு அந்தக் கேள்வியை "இல்லை" என்று மாற்றிவிடுங்கள், வேகமாக எழும்.

அந்த "ஆம்" இன்னொரு வேலையும் செய்யும். கணினியை அழிக்கும்போது வால்யூமையும் சேர்த்து அழிக்கவா என்பதற்கு இயல்பான பதில் "இல்லை". எனவே கோபத்தில் அழித்து அழித்து உருவாக்குகிறவரின் பிராஜெக்டில், கணினி ஒன்றே ஒன்று இருக்கும். வால்யூம் பட்டியலில் பெயரில்லாத பிணங்கள் வரிசையாகக் கிடக்கும். வால்யூம் கோட்டாவும் இயல்பாக 10தான். "ஒண்ணுமே இல்லையே, ஏன் லிமிட் தாண்டிடுச்சுன்னு சொல்லுது?" என்று கேட்டு வருகிறவர்களை நேராக வால்யூம் பக்கத்துக்குத்தான் அனுப்புவேன். எதனோடும் இணைக்கப்படாமல் "அவெய்லபிள்" என்று நிற்பவற்றில் உங்களுக்கு வேண்டாதவற்றை நீக்குங்கள். வேண்டியது எது என்று தெரியவில்லையா? உருவாக்கிய தேதியைப் பாருங்கள். இனிமேல் உருவாக்கும்போதே பெயர் வையுங்கள்.

"ஆக்டிவ்னு காட்டுது, ஆனா உள்ள போக முடியல"

இங்கேதான் நிதானம் வேண்டும். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம் நுழைய முயலும்போது திரையில் வரும் கடைசி வரியைப் படியுங்கள். மூன்றில் ஒன்று வரும்: டைம்டு அவுட், கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு, பெர்மிஷன் டினைட். மூன்றும் ஒன்றல்ல. முதலாவது வந்தால் உங்கள் சத்தம் கணினியை எட்டவே இல்லை. இரண்டாவது வந்தால் எட்டிவிட்டது, ஆனால் அங்கே கேட்க யாரும் இல்லை. மூன்றாவது வந்தால் கேட்டுவிட்டு "நீ யார்?" என்று திருப்பி அனுப்பிவிட்டது. மூன்றாவது வரைக்கும் வந்துவிட்டவர் நெட்வொர்க்கைத் தொடவே வேண்டாம்.

டைம்டு அவுட் என்றால் முதலில் முகவரியைப் பாருங்கள். 10 என்றோ 192.168 என்றோ தொடங்குவது பெரும்பாலும் தளத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் உள்முகவரி. வெளியிலிருந்து வருவதற்கு ஃபுளோட்டிங் ஐபி என்ற வெளிமுகவரி வேண்டும். அதை இணைக்கும்போது, வெளி நெட்வொர்க்கை எட்ட முடியவில்லை என்று மறுத்தால், உங்கள் நெட்வொர்க்குக்கும் வெளி நெட்வொர்க்குக்கும் நடுவே ரவுட்டர் போடவில்லை, அல்லது ரவுட்டரைப் போட்டுவிட்டு உங்கள் சப்நெட்டை அதில் செருகவில்லை. நெட்வொர்க் டோபாலஜி படத்தைத் திறந்தால் கோடு எங்கே அறுந்திருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். சில கல்லூரிகளில் ஃபுளோட்டிங் ஐபியே கல்லூரி நெட்வொர்க்குக்குள் மட்டும் எட்டும்படி இருக்கும். அங்கே வீட்டிலிருந்து வர விபிஎன் கட்டாயம்.

முகவரி சரி என்றால் அடுத்து செக்யூரிட்டி குரூப், அதாவது எதை உள்ளே விடலாம், எதை வெளியே விடலாம் என்ற விதிகளின் தொகுப்பு. டிஃபால்ட் குரூப் அடுக்குமாடி வாசலில் உட்கார்ந்திருக்கும் ஜாகா மாதிரி. உள்ளேயிருந்து போகிறவரை ஒன்றும் கேட்க மாட்டார், வெளியிலிருந்து வருகிறவரைத்தான் நிறுத்துவார். அதனால்தான் கணினிக்குள்ளிருந்து இணையம் நன்றாக வருகிறது, ஆனால் வெளியிலிருந்து நுழைய முடியவில்லை என்ற நிலை. எஸ்எஸ்எச்சுக்கான 22ஆம் போர்ட்டை உள்வரும் திசையில் திறந்து விதி எழுதுங்கள். விண்டோஸ் கணினிக்கு ரிமோட் டெஸ்க்டாப் என்றால் 3389. விதி எழுதிய குரூப் ஒன்று, கணினியில் மாட்டியிருக்கிற குரூப் வேறொன்று என்பதும் அடிக்கடி நடக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிங் அடித்துப் பதில் வரவில்லை என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பிக்கு விதி எழுதாதவரை நல்ல கணினியும் பிங்குக்குப் பதில் சொல்லாது.

நேற்று கல்லூரியில் வேலை செய்தது, இன்று பட்டர்வொர்த்தில் வீட்டிலிருந்து வேலை செய்யவில்லை என்கிறவர்களுக்கு: விதி எழுதும்போது, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று உங்கள் அன்றைய முகவரியை மட்டும் அனுமதித்திருப்பீர்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் வீட்டு இணையத்தின் வெளி முகவரி வேறு, கைத்தொலைபேசி ஹாட்ஸ்பாட்டின் முகவரி இன்னும் வேறு, அதுவும் நாளுக்கு நாள் மாறக்கூடியது. பாயான் லெப்பாஸில் ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பாலம் தாண்டுவதற்குள் பேருந்திலிருந்தே பயிற்சியை முடிக்கப் பார்க்கிற பகுதிநேர மாணவர்கள் எங்களிடம் உண்டு. அவர்களுக்கு இந்தத் தொல்லை ஓயாது. இப்போதைய முகவரியைப் பார்த்து விதியைப் புதுப்பியுங்கள். அல்லது கல்லூரி விபிஎன் வழியாக மட்டும் வருவது என்று வைத்துக்கொண்டு அதன் முகவரித் தொகுதியை ஒரே தடவை எழுதிவிடுங்கள். உலகத்துக்கே 22ஐத் திறந்து வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அதிலும் கடவுச்சொல் நுழைவை அனுமதித்திருந்தால் கூடவே கூடாது. மாமாக் கடை, விடுதி வைஃபை சிலவற்றில் 22ஆம் போர்ட்டையே அடைத்து வைத்திருப்பார்கள். அங்கே என்ன விதி எழுதினாலும் நடக்காது. ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ரெஃப்யூஸ்டு என்றால் பெரும்பாலும் அவசரம்தான். ஆக்டிவ் என்றால் மெய்நிகர் இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுத்தாயிற்று என்று மட்டுமே பொருள். உள்ளே உபுண்டு எழுந்து, முதல் முறை எழும்போது அமைப்புகளைச் செய்யும் கிளவுட்-இனிட் தன் வேலைகளை முடித்து, எஸ்எஸ்எச் சேவை தொடங்க இன்னும் சற்று நேரமாகும். தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்து பாருங்கள். அப்போதும் அதே என்றால் கன்சோல் லாக்கை (கணினி எழும்போது திரையில் எழுதுவதன் பதிவு) திறந்து கடைசிப் பக்கத்தைப் படியுங்கள்.

"பெர்மிஷன் டினைட், பப்ளிக் கீ"

முதல் சந்தேகம் பயனர் பெயர் மேல். ஒவ்வொரு இமேஜுக்கும் தனிப் பெயர் உண்டு. உபுண்டு இமேஜில் உபுண்டு, டெபியனில் டெபியன், ஃபெடோராவில் ஃபெடோரா, ராக்கி லினக்ஸில் ராக்கி. ரூட் என்றோ உங்கள் மாணவர் எண்ணாலோ நுழைய முயன்றால் கதவு திறக்காது.

அடுத்தது சாவிக் கோப்பு. ஹொரைசனில் கீ பேர் (தனிச்சாவி, பொதுச்சாவி ஜோடி) உருவாக்கும்போது தனிச்சாவி ஒரே ஒரு முறைதான் பதிவிறங்கும். தளம் அதன் பிரதியை வைத்துக்கொள்வதில்லை. எனவே எங்களிடம் கேட்டாலும் எங்களால் தர முடியாது. கோப்பு இருந்தும் மறுத்தால் அதன் அனுமதிகளைப் பாருங்கள். லினக்ஸிலும் மேக்கிலும், உங்களைத் தவிர வேறு யாரும் படிக்கக்கூடிய நிலையில் இருக்கும் சாவியை எஸ்எஸ்எச் ஏற்காது, சிஎச்மாட் 400 கொடுக்க வேண்டும். விண்டோஸில் கோப்பின் பண்புகளுக்குள் போய், பாதுகாப்புப் பகுதியில் உங்கள் பெயரைத் தவிர மற்றவற்றை நீக்க வேண்டும். நோட்பேடில் திறந்து சேமித்து, கோப்புப் பெயரின் வாலில் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்ட சாவிகளையும் பார்த்திருக்கிறேன். சாவியை நோட்பேடில் திறக்க வேண்டிய காரணமே கிடையாது.

குழுப்பணி செய்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். கணினி பிராஜெக்டைச் சேர்ந்தது என்றேன். கீ பேர் அப்படியல்ல, அது ஆளைச் சேர்ந்தது. நீங்கள் உருவாக்கிய கணினியை உங்கள் கூட்டாளி முகப்பில் பார்க்கலாம், நிறுத்தலாம், அழிக்கவும் செய்யலாம். உள்ளே மட்டும் நுழைய முடியாது. அதற்காகத் தனிச்சாவியை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். கூட்டாளி தன் பொதுச்சாவியை உங்களுக்கு அனுப்பட்டும். அது யார் பார்த்தாலும் பாதகமில்லை. நீங்கள் உள்ளே நுழைந்து, அனுமதிக்கப்பட்ட சாவிகளின் கோப்பில் அதை ஒரு புது வரியாகச் சேர்த்தால் போதும்.

உருவாக்கும்போது கீ பேர் தேர்ந்தெடுக்கவே மறந்துவிட்டீர்களா? கன்சோல் லாக்கில் கிளவுட்-இனிட் எழுதிய வரிகளைத் தேடுங்கள். உபுண்டு பயனருக்கு எந்தச் சாவியும் கிடைக்கவில்லை என்று அது வெளிப்படையாகவே சொல்லியிருக்கும். புதுக் கணினி என்றால் தயங்காமல் அழித்து, சாவியோடு உருவாக்குங்கள். சாவியைத் தேர்ந்தெடுத்தும் லாக்கில் அப்படி இருந்தால், கணினியால் 169.254.169.254 என்ற மெட்டாடேட்டா முகவரியை எட்ட முடியவில்லை என்று சந்தேகிக்கலாம். அது உங்கள் கையில் இல்லை, எங்களுக்கு எழுதுங்கள்.

மூன்று வாரம் வேலை செய்த கணினியின் சாவி தொலைந்துபோனால்? அழிக்காதீர்கள். கணினியை நிறுத்தி ஸ்னாப்ஷாட் எடுங்கள். புதுக் கீ பேர் ஒன்றை உருவாக்கி, அந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்தே புதுக் கணினியை எழுப்புங்கள். கிளவுட்-இனிட் அதைப் புதிய கணினியாகக் கருதிப் புதுச் சாவியை உள்ளே வைத்துவிடும். உங்கள் கோப்புகள் எல்லாம் அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகு பழையதை அழிக்கலாம்.

"யாரோ ஒட்டுக்கேட்கிறாங்கன்னு எச்சரிக்கை வருது"

பெரிய எழுத்தில், அந்தக் கணினியின் அடையாளம் மாறிவிட்டது என்று எஸ்எஸ்எச் கத்தும். வகுப்பில் இதற்குக் காரணம் பெரும்பாலும் சாதாரணமானது: பழைய கணினியை அழித்துவிட்டு, அதே ஃபுளோட்டிங் ஐபியைப் புதியதற்கு மாட்டியிருப்பீர்கள். முகவரி அதே, ஆள் வேறு. எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையால் அந்த முகவரியின் பழைய பதிவை நீக்கிவிட்டு நுழையுங்கள். நீங்கள் எதையுமே மாற்றாமல் இந்த எச்சரிக்கை வந்தால் மட்டும் நுழையாமல் எங்களுக்குச் சொல்லுங்கள்.

"கன்சோல் லிங்க் நேத்து திறந்துச்சு, இன்னிக்கு திறக்கல"

அந்த இணைப்பு இயல்பாகப் பத்து நிமிடத்துக்குத்தான் செல்லும். புக்மார்க் செய்து பயனில்லை, முகப்பிலிருந்து புதிதாகத் திறங்கள். திரை கறுப்பாக இருந்தால் அதன் மேல் ஒரு முறை சொடுக்கி என்டரை அழுத்துங்கள்.

"நுழையுது, ஆனா பாதியில அப்படியே நின்னுடுது"

எனக்குப் பிடித்த கோளாறு இது, ஏனென்றால் பார்க்கிறவருக்குப் பேய் பிடித்தது போலவே இருக்கும். பிங் போகிறது. சின்னப் பக்கங்கள் திறக்கின்றன. டாக்கர் கன்டெய்னருக்குள் (கணினிக்குள் நிரல் தனியாக ஓடும் பெட்டி) ஒரு பொதியைப் பதிவிறக்கினால் மட்டும் சில வினாடியில் உறைந்துவிடுகிறது, பிழைச் செய்தியும் கிடையாது. வெளியே, அதாவது கணினியில் நேரடியாக, அதே பதிவிறக்கம் ஓடுகிறது.

காரணம், நெட்வொர்க்கில் தரவு போகும் பொட்டலத்தின் அளவு. வழக்கமான ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை இருக்கலாம். ஓப்பன்ஸ்டாக்கில் மாணவர் நெட்வொர்க்குகளைப் பிரித்து வைக்க விஎக்ஸ்லான் பயன்படுத்தினால், ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் 50 பைட் உறை ஏறும். அதனால் உங்கள் கணினிக்கு 1450தான் மிச்சம். இந்த எண்ணைத் தளம், முகவரி வழங்கும் டிஎச்சிபி வழியாகக் கணினிக்குச் சொல்லிவிடுகிறது, கணினி கேட்டுக்கொள்கிறது. ஆனால் அதற்குள் ஓடும் டாக்கர் யாரையும் கேட்காமல் தன் பாலத்துக்கு 1500 என்று வைத்துக்கொள்கிறது. சின்னப் பொட்டலங்கள் தப்பிக்கின்றன, முழு அளவுப் பொட்டலங்கள் வழியில் காணாமல் போகின்றன.

இதைச் சோதிக்க, பொட்டலத்தைத் துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1422 பைட் அளவில் பிங் அனுப்புங்கள். தலைப்பகுதிகளுக்கான 28 பைட்டைக் கூட்டினால் சரியாக 1450. அது போய், 1472 போகவில்லை என்றால் குற்றவாளி அகப்பட்டான். டாக்கரின் டீமன் அமைப்புக் கோப்பில் எம்டியுவை, அதாவது பொட்டலத்தின் உச்ச அளவை, 1450 என்று எழுதி, டாக்கரை மறுதொடக்கம் செய்யுங்கள். ஒரு கண்ணி இருக்கிறது: அந்த அமைப்பு டாக்கரின் டிஃபால்ட் பாலத்துக்கு மட்டும்தான். டாக்கர் கம்போஸ் தனக்கென்று புது நெட்வொர்க் உருவாக்கிக்கொள்ளும், அதற்குக் கம்போஸ் கோப்பிலேயே நெட்வொர்க் பகுதியில் எம்டியுவைத் தனியாக எழுத வேண்டும். "மாத்திட்டேன், அப்பவும் நிக்குது" என்று திரும்பி வருகிறவர்களில் அநேகமாக எல்லோரும் கம்போஸ்காரர்கள்தான்.

விபிஎன் வழியாக வீட்டிலிருந்து நுழையும்போது இதே போல எஸ்எஸ்எச் தொடக்கத்திலேயே உறைந்தாலும் அளவுதான் காரணமாக இருக்கலாம், விபிஎன்னும் தன் பங்குக்கு ஓர் உறை போடும்.

"சர்வர் ஓடுது, உலாவியில பக்கம் வரல"

செக்யூரிட்டி குரூப்பில் அந்தப் போர்ட்டைத் திறந்தீர்களா என்பது முதல் கேள்வி. திறந்திருந்தும் வரவில்லை என்றால், உங்கள் நிரல் எந்த முகவரியில் காது கொடுக்கிறது என்று பாருங்கள். பைத்தான் வலைநிரல்களுக்கான ஃபிளாஸ்க் இயல்பாக 127.0.0.1இல் 5000ஆம் போர்ட்டில் கேட்கும். அது கணினி தன்னோடு தானே பேசுகிற முகவரி, வெளியிலிருந்து யாரும் எட்ட முடியாது. பயிற்சிக்காக 0.0.0.0 என்று மாற்றினால் வெளியிலும் கேட்கும். ஜூபிட்டர் நோட்புக்கும் இதே கதைதான், போர்ட் 8888. ஆனால் ஜூபிட்டரை அப்படித் திறந்துவிடாதீர்கள், அது கணினியின் சாவிக்கொத்தையே வாசலில் மாட்டி வைப்பதற்குச் சமம். எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாக உங்கள் மடிக்கணினிக்குக் கொண்டு வாருங்கள். உலாவி தானாக எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தாவிவிட்டதா என்றும் முகவரிப் பட்டையில் ஒரு கண் வையுங்கள்.

"என் ஃபைல் எல்லாம் காணோம்"

கணினியின் சொந்த வட்டில் வைத்த கோப்புகள் கணினியோடு வந்து கணினியோடு போகும். ரீபில்டு அழுத்தினாலும் போகும். அதனால் முதல் நாளிலேயே தனி வால்யூம் ஒன்று உருவாக்கி, பாடவேலையை எல்லாம் அதில் வையுங்கள். அப்புறம் கணினியை எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

வால்யூம் வைத்திருந்தும் கோப்பு காணவில்லை என்றால், அது மவுண்ட் ஆகாமல் இருக்கலாம். முகப்பில் இணைப்பது வட்டைச் செருகுவது மட்டும்தான். கணினிக்குள் அது விடிபி என்ற பெயரில் வந்து நிற்கும். அதை ஓர் அடைவில் மவுண்ட் செய்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். இங்கேதான் உண்மையான விபத்து நடக்கிறது. பாடத்தாளில் "வடிவமைக்கவும், பிறகு மவுண்ட் செய்யவும்" என்று இரண்டு படிகள் இருக்கும். புதுக் கணினியில் வால்யூமை மறுபடி இணைக்கும்போது, தாளைப் பார்த்து முதலிலிருந்து செய்கிறவர்கள் மறுபடி வடிவமைத்துவிடுகிறார்கள். அத்தோடு கதை முடிந்தது. வடிவமைப்பது வால்யூமின் வாழ்நாளில் ஒரே ஒரு முறை. ஏற்கெனவே கோப்பு முறைமை இருக்கிறதா என்று பிஎல்கேஐடி கட்டளையால் பார்த்துவிட்டு, பதில் வெறுமையாக வந்தால் மட்டும் வடிவமைக்கலாம்.

ஒவ்வொரு முறை எழும்போதும் தானாக மவுண்ட் ஆக எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதுவீர்கள். அப்போது விடிபி என்ற பெயரை எழுதாமல் யுயுஐடியை எழுதுங்கள், கூடவே நோஃபெயில் என்ற சொல்லையும் சேருங்கள். அது இல்லாவிட்டால், வால்யூமைக் கழற்றிய பிறகு கணினி எழ முயன்று அவசர நிலையில் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் டைம்டு அவுட் அல்லது ரெஃப்யூஸ்டு போலத் தெரியும், நீங்கள் செக்யூரிட்டி குரூப்பில் மணிக்கணக்காகத் தேடிக்கொண்டிருப்பீர்கள். கன்சோலைத் திறந்தால் விஷயம் முதல் திரையிலேயே இருக்கும்.

"ஆறு மணிக்கு ஓட வேண்டியது ரெண்டு மணிக்கு ஓடுது"

கிளவுட் இமேஜ்கள் உலகப் பொது நேரத்தில் எழும். நாம் அதற்கு எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம், காலை 6 என்று, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானில் எழுதினால் நமக்கு அது பிற்பகல் 2. நேர வலயத்தை ஆசியா/கோலாலம்பூர் என்று மாற்றி, கிரான் சேவையையும் ஒரு முறை மறுதொடக்கம் செய்யுங்கள். தீபகற்ப மலேசியா ஏழரை மணி நேர வித்தியாசத்திலிருந்து எட்டுக்கு மாறியதே 1982 ஜனவரி முதல் தேதியில்தான். இல்லாவிட்டால் அந்த அரை மணி நேரத்தோடும் மல்லுக்கு நின்றிருப்போம்.

"ரொம்ப மந்தம்"

டாப் கட்டளையில் எஸ்டி என்ற எண் ஏறியிருந்தால், உங்கள் சிபியு நேரத்தைப் பக்கத்துக் கணினிகள் எடுத்துக்கொள்கின்றன. ஓப்பன்ஸ்டாக் ஒரு சிபியு மையத்தை இயல்பாகப் பல மெய்நிகர் சிபியுவாக (பழைய பதிப்புகளில் பதினாறு, புதியவற்றில் நான்கு) விற்கக்கூடியது, எல்லோரும் ஒரே நேரத்தில் கம்பைல் செய்தால் மந்தம்தான். நிரல் "கில்டு" என்று ஒற்றைச் சொல்லோடு செத்தால் நினைவகம் தீர்ந்துவிட்டது. பெரிய ஃபிளேவருக்கு ரீசைஸ் செய்யுங்கள், அல்லது ஸ்வாப் கோப்பு சேருங்கள்.

விரிவுரையாளர்களுக்கு

வகுப்புக்கு முந்திய நாள் பயிற்சியை ஒரு மாணவர் கணக்கில் நுழைந்து முழுதாகச் செய்து பாருங்கள். நிர்வாகி கணக்கில் எல்லாமே வேலை செய்யும். மாணவருக்குத் தெரியாத நெட்வொர்க்கும் இமேஜும் உங்களுக்குத் தெரியும், அதனால் அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. இமேஜைப் பொதுவாகப் பகிராமல் உங்கள் பிராஜெக்டிலேயே வைத்திருப்பதுதான் நான் அதிகம் பார்ப்பது. கல்லூரி விபிஎன் இல்லாமல், கைத்தொலைபேசி ஹாட்ஸ்பாட்டிலிருந்தும் ஒரு முறை முயலுங்கள். உங்கள் மாணவர்களில் பாதிப் பேர் அங்கிருந்துதான் வரப்போகிறார்கள்.

எங்களுக்கு எழுதும்போது

பிராஜெக்டின் பெயர், கணினியின் ஐடி, எங்கிருந்து இணைகிறீர்கள் என்பது, எந்த நேரத்தில் நடந்தது, திரையில் வந்த கடைசி வரி அப்படியே. இவ்வளவு போதும். திரையைக் கைத்தொலைபேசியில் சாய்வாகப் படம் எடுத்து அனுப்புவதைவிட எழுத்தைப் பிரதி எடுத்து ஒட்டினால் பதில் சீக்கிரம் வரும். தனிச்சாவியை இணைத்து அனுப்பாதீர்கள். எங்கள் பதில் வரும் வரை கணினியை அப்படியே விட்டு வையுங்கள்.